ஓடிபி போனது யாருடைய போனுக்கு?

இன்று மத்தியானம் கண்டியில், வீடில்லாதவர்களைத் தங்கவைக்கும் ஒரு விடுதிக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன்.

நாவலப்பிட்டிப் பக்கமிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். கணவனின் அடி தாங்காமல் வெளியேறியவர். கையில் அடையாள அட்டை மட்டும்தான்.

விடுதிப் பொறுப்பாளர் அந்த அட்டையின் இலக்கத்தை அரசாங்கத்தின் புதிய மென்பொருளில் அடித்தார். பெயர், விலாசம் எல்லாம் தானாகவே வந்து நின்றன. "போனுக்கு ஓடிபி போயிருக்கு, கேளுங்க" என்று சிங்களத்தில் சொன்னார்.

"எங்கிட்ட போன் இல்லீங்களே" என்றார் அக்கா. பிறகு மெதுவாக, "எந்த நம்பருக்குப் போச்சு?"

திரையில் கடைசி மூன்று இலக்கங்கள் தெரிந்தன. வாசித்தேன்.

"அது அவரோடதுங்க. எந்த போர்ம்லயும் அவரு நம்பரத்தான் குடுப்போம்."

மெசேஜில் விடுதியின் பெயர் இருக்குமா என்று கேட்டேன். பயிற்சியின்போது தனக்கு வந்த மெசேஜைப் பொறுப்பாளர் காட்டினார். முதல் வரியிலேயே இருந்தது.

ஓடிபி இல்லாமல் கட்டில் தர முடியாதாம். பதிவை அழிக்கவும் முடியாதாம். கொழும்பில் இந்த மென்பொருளை நடத்தும் அலுவலகத்துக்குப் போன் எடுத்து, இந்த விவரங்களை வேறு யாரெல்லாம் பார்க்கலாம் என்று கேட்டோம்.

"பாதுகாப்புக் காரணத்துக்காக அதச் சொல்ல முடியாது."

அக்கா கதிரையை வாசல் தெரிகிற மாதிரித் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே போகவும் பயம், உள்ளே இருக்கவும் பயம்.

நான் இன்னும் அவர் பக்கத்தில்தான் இருக்கிறேன். யாருடைய பாதுகாப்பு என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், அவருக்கும் மொழிபெயர்த்துச் சொல்கிறேன்.