தாலி கட்டும் இடத்தில் சீமைப் புல்

கல்யாண மேடை அலங்காரத்தில் பூ வாடினால்கூட மன்னிப்பார்கள், நம் முகம் வாடினால் வீடியோ எடுப்பார்கள். மூங்கிலும் துணியும் சுமந்து திரிகிற என் தொழில்காரர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். நாகர்கோவில் பக்கம் ஒரு மண்டபக்காரர், "ரெண்டு கல்யாணம் செய்து காட்டும் வே, பிடிச்சுதுன்னா இந்த மேடை எப்பவும் உமக்குத்தான்" என்றிருந்தார். அது கிடைத்தால் ஊர் ஊராக அலைய வேண்டாம்.

வாரியல்

முதல் கல்யாணம் தோவாளைப் பெண்ணுக்கு. பிச்சியும் கேந்தியும் மலிந்து கிடக்கிற ஊர்க்காரர்களைப் பூவைக் காட்டியா அசத்த முடியும்? போனில் பார்த்த குளிர்நாட்டுப் புல்லை வரவழைத்தேன். ஆள் உயரத் தண்டு, நுனியில் பஞ்சுக் கதிர், காய்ந்த சரக்கு, தண்ணீரே வேண்டாம். மேடையின் இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாகச் செருகிவிட்டுப் பெருமையாக நின்றேன்.

ஃபேன் காற்றில் பஞ்சு பறந்தது. தாலியைக் கையில் எடுத்த மாப்பிள்ளை ஓங்கித் தும்மினார். ஐயோ, அந்த நேரத்திலா! கெட்டிமேளம் அப்படியே நின்றது. வீட்டைப் பெருக்கிவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிற சாமான் மாதிரியே அந்தப் புல் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாப்பிள்ளையின் அத்தை எழுந்து கேட்டார்: "ஏலே, தாலி கெட்டுத எடத்துல வாரியலக் கொண்டு நிறுத்தினவன் எவம்லே?"

தவிட்டுப் பொடி

சூடுபட்ட பூனை நான். அடுத்த கல்யாணத்துக்குச் சீமைச் சரக்கே வேண்டாம் என்று, ரப்பர் தோட்டத்து ஈரத்தில் தானாக முளைத்த பெரணி இலையை அறுத்து வந்தேன். புல் காய்ந்தது, இது பச்சை. புல் பறக்கும், இது பறக்காது. இலையின் அடியில் வரிசையாகத் தவிட்டு நிறப் பொட்டுகள் அழகாக இருந்தன. அந்தப் பக்கம் தெரிகிற மாதிரியே மேடைப் பின்புறம் முழுக்கக் கட்டினேன்.

அருமனைப் பெண், வெள்ளைச் சேலை. லேசாகத்தான் பின்னால் சாய்ந்தாள். பொட்டெல்லாம் பொடியாக உதிர்ந்து முதுகு முழுக்க அப்பிக்கொண்டது. அவள் அம்மா ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க இன்னும் பரவியது. திட்டட்டும் என்று தலைகுனிந்து நின்றேன். அந்தப் பிள்ளை திட்டவில்லை. "அண்ணே, நீங்க வெப்ராளப்படாதீங்க, நான் யாருக்கும் முதுகு காட்டாம நின்னுக்கிடுதேன்."

வாசல்

சொன்னபடியே கடைசிவரை நின்றாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன், இதுதான் தாங்கவில்லை. வெட்கத்தோடு மண்டபக்காரர் முன்னால் போய் நின்றேன். அவர் காபி சொன்னார். அதிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. "மேடைக்கு வேற ஆளு பாத்தாச்சு வே. நீரு வாசல்ல வாழை கெட்டும், அது உதிராதுல்லா?"

சீமைப் புல்லுக்கும் நம்மூர்ப் பெரணிக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால், ஒன்று மூக்கில் ஏறி மானத்தை வாங்கும், மற்றது முதுகில் ஒட்டி மானத்தை வாங்கும் என்பேன்.