கப்பல்காரருக்கு ஒரு மாத்திரை

கன்னத்தில் நுரை பூசி முடித்ததும் உடனே கத்தியை எடுக்கமாட்டார். கால்களைச் சற்று அகட்டி, முழங்காலைத் தளர்த்தி, தரை எந்நேரமும் சாய்ந்துவிடும் என்பதுபோல் நின்றுகொள்வார். "கப்பல்ல பழகின காலு. இப்படி நின்னாத்தான் கை நிக்கும்."

தெருமுனையில் சலூன் வைத்திருக்கும் அவருக்குக் கப்பல்காரர் என்பதே பெயராகிவிட்டது. தலை பஞ்சாக நரைத்திருக்கும். மீசைக்கு மட்டும் மை. கேட்டால், "ரெண்டும் கறுத்தா ஜனங்க நம்பாது" என்பார். கத்தரி ஓட ஓடக் கதையும் ஓடும். "அலை ஒண்ணு அடிச்சுது பாருங்க, சோப்பு ஒரு பக்கம், கிண்ணம் ஒரு பக்கம். கேப்டன் மீசை மட்டும் என் கையில பத்திரம்!" நாங்கள் தலையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் அவருடைய ஒரே மகள், குடும்பத்தோடு கப்பலில் உல்லாசப் பயணம் போக ஏற்பாடு செய்தாள். அப்பா மறுபடி கடலைப் பார்க்கவேண்டுமாம். அன்றிலிருந்து கதை வற்றிவிட்டது. "கொடுத்து வெச்சவரய்யா நீர்" என்று யாராவது ஆரம்பித்தால், துண்டு எடுக்க உள்ளே போய்விடுவார். காலைக் கடிக்காமல் இருக்கவேண்டுமென்று, பயணத்துக்கு வாங்கிய புதுக் கான்வாஸ் செருப்பைக் கடைக்குள்ளேயே போட்டு நடந்து பழகினார். ஒருநாள் என் காதோரம் குனிந்து, "சார், ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோட்டு போடணுமாமே, நெஜமா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியாததா?" என்று சிரித்தேன்.

"எங்க காலம் வேற சார்." கத்தரி சிறிது நேரம் வெறுங்காற்றை வெட்டியது.

போன ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் இடமில்லை. பேக்கரிக்காரருக்கு ஒரு பக்கக் கன்னம் வழித்தாகிவிட்டது. மகள் மருந்துக்கடைப் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள்.

"அப்பா, எனக்கும் அம்மாவுக்கும் வாந்தி மாத்திரை வாங்கிட்டேன். உங்களுக்கு எதுக்கு, கடல்லயே கிடந்தவராச்சே! ரூம் மட்டும் சொல்லுங்க. முன்னாடியா, பின்னாடியா? எதுல ஆட்டம் கம்மி?"

"சொல்லுங்க கப்பல்காரரே" என்றார் பேக்கரிக்காரர் நுரைக்குள்ளிருந்து.

கத்தியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"தெரியாதும்மா."

"என்னப்பா?"

"நான் கப்பல்ல போனதே இல்ல."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். கூடச் சிரிக்க ஆளில்லாமல் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"துறைமுகத்து வாசல்ல கடை வெச்சிருந்தேன். கப்பல்லேருந்து இறங்கி வர்றவங்களுக்கு முடி வெட்டுவேன். அவங்க சொன்னதைத்தான்..." காது மடல் சிவந்துவிட்டது. "பஸ்ல பின் சீட்டுல உக்காந்தாலே எனக்குக் குடலைப் புரட்டும்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ எனக்கு மட்டும்தான் தெரியாதா?" அவள் குரல் தாழ்ந்தது. "ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேனேப்பா."

அவள் போனை எடுத்து எதையோ தள்ளிப் பார்த்தாள். "நடுவுல எடுத்துடறேன். நடுவுல அவ்வளவா ஆடாதுன்னு போட்டிருக்கு." பொட்டலத்தைப் பவுடர் டப்பா பக்கத்தில் வைத்தாள். "மாத்திரை மூணு பேருக்கும் போதும்." யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

அவள் திட்டியிருந்தால்கூட நிமிர்ந்திருப்பாரோ என்னவோ. எதிரே கண்ணாடியில் நாங்கள் அத்தனை பேரும் வரிசையாக உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பேக்கரிக்காரரோடு சேர்த்து நாற்காலியை மெல்ல வெறுஞ்சுவர்ப் பக்கம் திருப்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, மீதிக் கன்னத்தை வழிக்கத் தொடங்கினார்.