ஒரு நல்ல போன் மேல் சுமத்திய பழி

முதலில் ஒரு வாக்குமூலம். எந்தக் குற்றமும் செய்யாத என் செல்போனைப் பற்றி ஒரு மாத காலம் வீட்டில் அவதூறு பேசிவந்தேன்.

காரணம், புதிதாகச் சந்தைக்கு வந்திருந்த ஒரு போன். பெயர் வேண்டாம். பெயருக்குப் பின்னால் ஓர் எண், எண்ணுக்குப் பின்னால் இரண்டு ஆங்கிலப் பட்டங்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் அவ்வளவு படித்ததில்லை.

வாங்கலாமா, வேண்டாமா? நாற்பது விமர்சன வீடியோக்கள் பார்த்தேன். எல்லாவற்றிலும் தாடி வைத்த ஓர் இளைஞர் பெட்டியைப் பிரிக்கிறார். நர்ஸிடமிருந்து குழந்தையை வாங்குவதுபோல இரு கையாலும் போனை ஏந்துகிறார். கால் மணி நேரம் பேசிவிட்டு, "வாங்கலாமாங்கிறது உங்க தேவையைப் பொறுத்தது" என்று முடிக்கிறார். அது எனக்கே தெரியாதா?

என் தேவை என்ன? காலை வணக்கங்களுக்குப் பதில் வணக்கம் அனுப்புவது. கொரட்டூருக்கு ரயில் எப்போது வரும் என்று பார்ப்பது. இந்தப் பத்தி தாமதமானால், 'நெட்வொர்க் இல்லை' என்று எடிட்டருக்குச் சொல்வது. இதற்கெல்லாம் பழைய போனே தாராளம். ஆகவே, பழைய போன் கெட்டுப்போயாக வேண்டும்.

அது கெடுவதாக இல்லை. அந்த நாற்பது வீடியோக்களையும் ஒரு தடவைகூடத் திக்காமல் ஓட்டிக் காட்டியதே அதுதான். தன் இடத்துக்கு வரப்போகிறவரின் அருமை பெருமைகளை இவ்வளவு தெளிவாக எடுத்துச் சொல்லும் ஊழியரை நான் எந்த ஆபீஸிலும் பார்த்ததில்லை.

சாப்பிடும்போது பெருமூச்சு விட ஆரம்பித்தேன். "சார்ஜே நிக்க மாட்டேங்குது கலா." மறுநாள், "திடீர் திடீர்னு ஹேங் ஆகுது." சாட்சியம் வேண்டுமே... காலையில் குளிக்கப் போகும்போது டார்ச்சை எரியவிட்டு, போனை அலமாரிக்குள் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவேன். ஐம்பதைத் தாண்டியவன் செய்கிற காரியமா? செய்தேன்.

கலா என் மனைவி. அவள் போனில் நிஜமாகவே ஒரு கோளாறு இருந்தது. காதில் வைத்தால் எதிராளி பேசுவது கேட்காது. ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். அவள் தங்கைக்கும் தங்கையின் மாமியாருக்கும் என்ன தகராறு என்பது எங்கள் ஃப்ளாட்டின் மூன்று மாடிக்கும் தெரியும். இரண்டாவது மாடிக்காரர் ஒருநாள் என்னை நிறுத்தி, "சமாதானம் ஆயிட்டாங்களா சார்?" என்று விசாரித்தார்.

எங்கள் வீட்டில் ஒரு நடைமுறை உண்டு. உங்கள் வீட்டிலும் இருக்கும். புதுப் போன் எனக்கு, என் பழைய போன் அவளுக்கு. இதைப் பெருந்தன்மை என்றே இத்தனை வருடங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"நான் புதுசு வாங்கிக்கறேன். இதை உனக்குத் தந்துடறேன்."

"எதை? சார்ஜ் நிக்காததையா?"

சிக்கல் அப்போதுதான் உறைத்தது. நான் புதிது வாங்க, அது குப்பையாக இருக்க வேண்டும். அவள் அதை வாங்கிக்கொள்ள, அது தங்கமாக இருக்க வேண்டும். ஒரே போன், ஒரே வாரம். தேர்தல் நேரத்தில் கூட்டணி மாறுகிறவர்களின் கஷ்டம் அன்றுதான் புரிந்தது.

"சார்ஜ் சின்ன விஷயம். கேமரா பிரமாதமா இருக்கும்."

"ஹேங் ஆகுதுன்னீங்க?"

"என் கைக்கு ஆகுது. உன் கைக்கு ஆகாது."

கலா என் போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாய்கிட்ட காட்டுவோம். அவர் சொன்னா சரி."

நாங்கள் பூந்தமல்லியில் குடியிருந்த காலத்திலிருந்து ரஹீம் பாய்தான் எங்கள் போன் ரிப்பேர்க்காரர். அங்கே கட்டில் அகலத்தில் ஒரு கடை. ஒன்றும் கெடவில்லை என்றால், கெடவில்லை என்றே சொல்லி அனுப்பிவிடுவார். எனக்கு அன்று வேண்டாத குணம் அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை, வானகரம் நெரிசலில் பஸ் நின்ற நேரமெல்லாம், அவருக்கு எப்படி ஜாடை காட்டுவது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

"இன்னா சார் கம்ப்ளைன்ட்டு?"

"பழசாயிடுச்சு பாய். எனக்குத்தான் பத்தல. வீட்ல இருக்கறவங்களுக்குப் போதும்..." கண்ணைச் சிமிட்டினேன்.

"கண்ல தூசியா? இரு சார், ஃபேனைத் திருப்பி வெக்கறேன்."

திருப்பி வைத்துவிட்டு, போனின் செட்டிங்ஸுக்குள் போனார். எது எவ்வளவு பேட்டரியைத் தின்றது என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கிறதாம். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"பேட்டரி ஷோக்கா கீது சார். யூட்டியூபு ஓடிக்கினே கீது, அது போவட்டும். இது இன்னா... டார்ச்சு? டெய்லி காலைல அரை மணி நேரம் எரிஞ்சிகினு கீது. ஊட்ல கரன்ட்டு இல்லியா?"

கலா நிதானமாகச் சொன்னாள். "கரன்ட்டெல்லாம் இருக்கு பாய். அது இவர் குளிக்கிற நேரம்."

எனக்கு உண்மையிலேயே கண்ணில் தூசி விழுந்திருக்கலாமே என்று தோன்றியது.

பாய் என் போனை என் கையில் வைத்தார். "இது இன்னும் ரெண்டு வருசம் தாராளமா ஓடும். அக்கா போன்தான் சார் பாவம். போர்டே போச்சு, ரிப்பேர் பண்ணாலும் நிக்காது. ரெண்டு மாசம் மின்னாடியே அக்காகிட்ட சொன்னேனே."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?" என்றேன் கலாவிடம்.

"சொன்னேன். வீடியோ பாத்துட்டிருந்தீங்க."

"உனக்கே புதுசு வாங்கிடலாம்" என்றேன். மனதில் இருந்தது ஏதோ எளிமையான மாடல். ஆனால் ஷோரூமில் கலா அந்தப் பெயரை, எண்ணோடும் இரண்டு பட்டங்களோடும், பிசகாமல் சொன்னாள்.

"அதேவா?"

"ஒரு மாசமா ஆராய்ச்சி பண்ணியிருக்கீங்க. அது வீணாப் போகக்கூடாது."

அந்தப் போனை வாங்கலாமா என்று கேட்டிருந்த வாசகர்கள் மன்னிக்கவும்... எனக்குத் தெரியாது. அவள் அதை என் கையில் தருவதில்லை. என் பழைய போனுக்கு ஒரு புது உறை வாங்கி மாட்டியிருக்கிறேன். பிராயச்சித்தம்.

நேற்று பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "எப்படி இருக்கு? கேமரா, ப்ராசஸர், டிஸ்ப்ளே..."

கலா யோசித்தாள். "காதுல வெச்சா, பேசறது நல்லாக் கேக்குது."

பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "நாப்பது வீடியோ பாத்தீங்களே, ஒருத்தர்கூடவா இதைச் சொல்லல?" என்றாள்.