செவுத்த ஒட்டு

போன வாரம் பெங்களூரில், புதிதாகத் தொழில் தொடங்கும் பிள்ளைகள் முன்னால் என்னைக் கோட்டு மாட்டி உட்கார வைத்துவிட்டார்கள். கோட்டு என் மருமகனுடையது, பொத்தான் போட்டால் மூச்சு முட்டும். ஒரு பெண் எழுந்து, "சார், மாட்டுப் பண்ணையில நீங்க கத்துக்கிட்ட மூணு பிஸினஸ் பாடம் சொல்லுங்க" என்றாள். பொறுமை, நேரத்துக்கு எழுவது, கூட்டாளியை நம்புவது என்று அளந்துவிட்டேன். நல்ல கைதட்டல். கூட்டாளி என்று சொன்னபோதே எனக்குப் பழைய கொட்டகையின் பினாயில் வாடை வந்துவிட்டது. உங்களிடம் மறைப்பானேன்.

அந்தக் கொட்டகை எனக்கும் சேவியருக்கும் சொந்தம். நாங்கள் வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தை மூடியதும் கைக்கு வந்ததை வைத்து மாரிகுப்பம் பக்கம் ஏழு கறவை மாடும் ஒரு பொலிகாளையும் வாங்கினோம். மைன்ஸ் காலத்துக் கல்சுவர் ஒன்று மிச்சமிருந்தது. அதில் சாய்த்துக் கூரை போட்டோம். மாடு பற்றி இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது, தெரியாததை ஒத்துக்கொள்ளவும் தெரியாது. சாணி அள்ளப் போவதைக்கூட "ஷிஃப்டுக்குப் போறேன்" என்றுதான் சொல்வோம்.

சேவியர் இல்லையென்றால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பூமிக்கடியில் ஒருநாள் தலைக்கு மேல் பாறை சரிந்தது. "செவுத்த ஒட்டு!" என்று கத்தினான். பாய்ந்து சுவரோடு ஒட்டினேன். நான் நின்ற இடத்தில் மாட்டுவண்டி அளவுக்கு ஒரு கல். எனக்குப் பக்கத்தில் நின்றவனுக்குக் காதில் விழவில்லை. கல்லுக்கு வெளியே அவனுடைய ஒரு பூட்ஸ்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் இருவருக்கும் யோசனைக்கு முன்னால் கால் ஓடும்.

கொட்டகை போட்ட பிறகு ஒருநாள், காலையிலேயே காளை இரண்டு பசுவோடு சேர்ந்து களைத்திருந்தது. பங்காருபேட்டைப் பக்கமிருந்து ஓர் ஆள் மூன்றாவது பசுவைச் சினைக்கு விட நடத்தியே கூட்டிவந்துவிட்டார்.

"வுடுடா, அது ஓஞ்சி போச்சி. நாளிக்கி வரச் சொல்லு" என்றான் சேவியர்.

"வந்த ஆளத் திருப்பி அனுப்புனா நாளிக்கி எவன்டா வருவான்?" என்றேன். அந்தப் பெங்களூர் ஹாலில் இதைச் சொல்லியிருந்தால் இதற்கும் கைதட்டியிருப்பார்கள்.

சுரங்கத்திலிருந்து எடுத்துவந்த இரும்புக் கம்பியால் காளையை முதுகில் அடித்தேன். அசையவில்லை. முகத்தில் அடித்தேன். மூக்கணாங்கயிற்றில் ரத்தம் வழிந்தது. அடிக்க அடிக்க எனக்கு வெறி ஏறியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்தில் அது எனக்குப் பிடித்திருந்தது.

கயிறு அறுந்தது. நான் படலைத் தாண்டிக் குதித்துவிட்டேன். சேவியர் கொட்டகை நடுவில் நின்றான். வாசல் அவனுக்கு நாலு எட்டுதான், திறந்தே கிடந்தது. நான் கத்தினேன்.

"செவுத்த ஒட்டு!"

அவன் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடிப்போய் முதுகைக் கல்லில் வைத்து, கைகளை விரித்து, கீழே சுரங்கத்துக்குள் நிற்பது போலவே நின்றான். காளை பாறை மாதிரி மேலிருந்து விழுவதில்லையே. தலையைத் தாழ்த்தி நேராக வந்து மோதியது. விறகு முறிவது போலச் சத்தம் கேட்டது. பின்வாங்கி, மறுபடியும் மோதியது.

ஆட்டோவில் என் மடியில் கிடந்தவன், வாயில் ரத்தத்தோடு, "இன்னாடா... அப்டி கத்திட்ட" என்றான். கோபமே இல்லை, ஆச்சரியம்தான். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போய்விட்டது.

காளையை மறுநாளே கசாப்புக்குத் தள்ளிவிட்டேன். அது செய்த தப்பு என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மாடுகள் போயின, கூரை போயிற்று. அந்தச் சுவரையும் இடித்து மனை பிரித்துவிட்டார்கள். சுரங்கக் கிணற்றுக்குள் தண்ணீர் நிற்கிறதாம்.

போன மாதம் மாரிகுப்பம் ஸ்டேஷனில் காலை ரயில் உள்ளே வந்துகொண்டிருந்தது. சீட்டு பிடிக்கப் பையன்கள் பிளாட்பாரத்தின் ஓரத்துக்கே ஓடினார்கள். என்னை அறியாமல் "செவுத்த ஒட்டு!" என்று கத்திவிட்டேன். இரண்டு பேர் போனிலிருந்து தலைதூக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவரும் நகரவில்லை.

சேவியர் ஒட்டியிருப்பான்.