தூர்ந்த வடிகால்

அப்பா நிலத்தைப் பிரித்தபோது மேல்வயல் அண்ணனுக்கு, அதை ஒட்டிய கீழ்வயல் எனக்கு. சிதம்பரத்துக்குக் கிழக்கே எல்லாமே பள்ளக்காடு. மேல்வயல் தண்ணீர் எங்கள் வயலோரமாக ஓடும் சின்ன வடிகாலில் இறங்கித்தான் பெரிய வாய்க்காலுக்குப் போக வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் இரண்டு வீட்டாரும் சேர்ந்து அதைத் தூர் வாருவது வழக்கம்.

நிலத்தைத் திருத்துகிறேன் என்று என் கணவர் ஏரி வண்டல் அடித்தார். வயலுக்குப் போட்டது போக மிஞ்சியதை வீணாக்குவானேன் என்று வடிகாலில் கொட்டி மூடி, வரப்பையும் முழங்கால் உயரத்துக்கு ஏற்றினார். கூடுதலாக நாலு வரிசை நடலாமாம். அண்ணன் வயல் தண்ணீர் எங்கே போகும் என்றேன். பார்த்துக்கொள்ளலாம் என்றார். இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவனை நான் இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. எங்கள் பயிர் தலை நிமிர்ந்து நின்றது. அண்ணனின் சம்பா முழுகிவிட்டது. எங்கள் வாசலில் நனைந்தபடி நின்று கேட்டார்.

"மச்சான், வரப்ப கொஞ்சம் வெட்டி வுடுங்க. பயிரு அழுவிடும்."

"வெட்டுனா அவ்ளோ தண்ணியும் எங்க வயல்லதான பாயும்? மழ வுடட்டும், பாக்கலாம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு மழையிலேயே இறங்கிப் போய்விட்டார். அன்று என் கணவரோடு போட்ட சண்டையை அக்கம்பக்கம் முழுக்கக் கேட்டிருக்கும். மனிதர் அசையவில்லை.

மழை விட்ட அன்று அவர் உரம் வாங்க டவுனுக்குக் கிளம்பியதும் நான் மண்வெட்டியோடு போனேன். ஆத்திரம் தீர வெட்டினேன். தண்ணீர் எங்கள் பயிருக்குள் திமுதிமுவென்று இறங்கியது. முடைநாற்றம் குப்பென்று அடித்தது.

அண்ணன் ஓடி வந்தார். தன் வயலில் இறங்கி ஒரு நெல் தூரைப் பிடித்து இழுத்தார். வேர் மண்ணிலேயே தங்கிவிட, தாள் கொழகொழவென்று கையோடு வந்தது. அதை என்னிடம் காட்டிவிட்டு, மண்வெட்டியை வாங்கி, நான் வெட்டிய வரப்பைத் தானே அடைத்தார்.

"இனிமே தொறந்து என்னாமா பண்றது. உன் பயிராச்சும் நிக்கட்டும்."

எங்களுக்கு அந்த வருஷம் நல்ல விளைச்சல். பொங்கலுக்கு அண்ணன் வழக்கம்போலச் சீர் கொண்டு வந்தார். கரும்பு, மஞ்சள் கொத்து, வெல்லம் எல்லாம் இருந்தன. அரிசி மட்டும் கடையில் வாங்கியது.