எட்ட நின்று எடுத்த மரம்

மரங்களைப் படம் எடுப்பதில் ஒரு வசதி உண்டு. மரம் கண்ணை மூடாது. "கொஞ்சம் மெலிவாக் காட்டுங்க அண்ணன்" என்று கேட்காது. கலியாண வீடுகளில் நாள் முழுக்க நின்று, மேடையில் முதலில் ஏறுவது மாப்பிள்ளை பகுதியா பெண் பகுதியா என்ற சண்டையையும் சமாளித்து, இடுப்பு ஒடிந்து வீடு வருகிறவனுக்கு ஒற்றை மரம் பெரிய ஆறுதல். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் என்பார்கள். அதில் ஒரு நூறையாவது நான்தான் கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து சொல்கிறேன். பரு, தொந்தி, மணமக்களுக்குப் பின்னால் வாயைத் திறந்துகொண்டு நிற்கும் அயல்வீட்டுக்காரர், எல்லாவற்றையும் அழித்துவிடுவேன். அழித்த இடத்தில் ஒரு அடையாளமும் இருக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் பெயரும் உண்டு.

என் ஸ்டூடியோ புளியந்தீவில் இருக்கிறது. வேலையில்லாத நாட்களில் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பாலம் தாண்டி, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக்குப் போய்விடுவேன். வேளாண்மை வெட்டி, அறுவடை முடிந்த பிறகு அங்குள்ள வயல் வட்டைகளில் கண்ணை மறைக்க ஒன்றும் இருக்காது. கீழே நிலம், மேலே வானம், நடுவில் எங்கோ ஒரு மரம். பனி விலகுமுன் எடுத்தால் அந்த மரம் ஒன்றுதான் உலகத்தில் மிச்சம் என்பது போல இருக்கும். என் மனைவிக்கு இந்தப் படங்களில் மருந்துக்கும் நம்பிக்கை இல்லை. "ஒண்டுமே இல்லாத இடத்த எடுக்கத்தானா இவ்வளவு பெற்றோல்?" என்று கேட்பாள். நான் கோபப்படுவேன். ஒன்றும் இல்லாமல் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு விளக்க எனக்கு வாய் போதாது.

அப்படி எடுத்த ஒரு படத்தைப் பெரிதாக அடித்து, கடையின் கண்ணாடிக்குள் மணமக்கள் படங்களுக்கு நடுவில் வைத்திருந்தேன். அதைப் பார்த்துத்தான் அந்த அம்மா உள்ளே வந்தார். அறுபதைத் தாண்டியவர். கையில் மடித்த குடை, காலில் றப்பர் செருப்பு, செருப்பில் காய்ந்த வயல் சேறு.

"அந்த மரம் பிடிச்ச ஆள் நீங்களா மனே?"

ஓம் என்றேன்.

"எனக்கும் ஒரு மரம் பிடிக்கணும். எங்கட வட்டைக்க நிக்கிது. மருத மரம்."

அன்றைக்குக் கடையில் ஒரு ஆல்பம் முடியாமல் கிடந்தது. அந்த எரிச்சலில், "மரத்துக்கு பாஸ்போட் எடுக்கப் போறீங்களா அம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. கதிரையில் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு, விஷயத்தைச் சொன்னார்.

பெரிய வீதியோரம் ஒரு தறப்பாள் கூடாரத்தின் கீழ், காணாமல் போன பிள்ளைகளின் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு தாய்மார் வரிசையாக உட்கார்ந்திருப்பதை இந்த ஊரில் எல்லாரும் கண்டிருக்கிறோம். இவரும் அந்த வரிசையில் இருக்கிறவர். எல்லார் மடியிலும் ஒரு படம் இருக்கிறது. இவர் மடியில் இல்லை.

"வெறுங்கையோட இரிக்கன் மனே. வாற ஆக்கள் ஒவ்வொரு படமாப் பாத்துக்கிட்டு வருவாங்க. என்னட்ட வந்ததும் பக்கத்துப் படத்துக்குப் போயிருவாங்க."

அந்த வரிசையில் உள்ள படங்களில் சிலவற்றை நானே பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறேன். நகத்தளவு முகம் இருந்தால் போதும், கண்ணையும் மூக்கையும் மீட்டுவிடுவேன். அதனால் மகனின் அடையாள அட்டை இருக்கிறதா, பள்ளிக்கூடத்தில் வகுப்போடு எடுத்த படம் இருக்கிறதா, கலியாண வீடுகளில் பின்வரிசையில் எங்காவது நின்றிருப்பானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"நான்தான் எரிச்சன்."

அந்த யுத்த காலம் எனக்கும் தெரியும். இளந்தாரிப் பிள்ளை இருக்கிற வீட்டில் அவன் படம் இருக்கக் கூடாது என்று நாங்கள் எல்லாரும் நம்பிய காலம். சுற்றிவளைப்பு வந்தால் படத்தைக் காட்டி ஆள் எங்கே என்று கேட்பார்கள், படத்தை வைத்துச் சந்தியில் ஆளைப் பிடிப்பார்கள் என்ற பயம். படம் இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஆபத்தில்லை. எங்கள் வீட்டிலும் என் அண்ணனின் படங்களைக் கிழித்துக் கிணற்றில் போட்டார்கள். அவர் தப்பி கனடாவில் இருக்கிறார்.

"ரவுண்டப் வருது எண்டு சொன்னாங்க. எல்லாத்தையும் அடுப்புக்க வெச்சன். முதல் முதல் பள்ளிக்கூடம் போகக்குள்ள எடுத்தது, மறுகா கோயில் திருவிழாவில எடுத்தது, ஐடென்டிகாட்டுக்கு எடுத்ததில மிஞ்சினது. ஒண்டையும் விடல்ல. அண்டைக்கு நான் பெரிய வேலை செஞ்சிட்டன் எண்டு நினைச்சன். மறுகா ஆளையே கொண்டு போனாங்க. தேடப் போன இடமெல்லாம் படம் கேட்டாங்க."

அவர் அழவில்லை. பலரிடம் பலமுறை சொல்லி, சொற்கள் தேய்ந்து போயிருந்தன.

முகம் இல்லாவிட்டால் அவனைக் கடைசியாகக் கண்ட மரத்தையாவது வைத்துக்கொண்டு இருக்கலாம் என்பது அவர் எண்ணம். அதை யாரிடமும் கேட்கத் துணியவில்லையாம். என் கடைக் கண்ணாடியில் வெறும் மரத்தைப் பெரிதாக மாட்டியிருந்ததைக் கண்டபோதுதான், மரத்தையும் இப்படி மதித்து எடுக்கிற ஒரு ஆள் இருக்கிறான் என்று தோன்றியிருக்கிறது.

விடியற்காலையில் போவோம் என்றேன். உச்சி வெயிலில்தான் போக வேண்டும் என்றார்.

"அம்மா, உச்சி வெயில்ல எடுத்தா ஒண்டும் சரிவராது. வானம் வெளுத்திரும். நிழல் கருத்திரும்."

"அது நடந்தது பகல் சோத்து நேரம்."

சரி என்றேன். ஒரு வெள்ளிக்கிழமை அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். ஒருக்களித்து உட்கார்ந்து, வெயிலுக்குக் குடையையும் விரித்துக்கொண்டார். காற்றுக்குக் குடை ஒரு பக்கம் இழுக்க, மோட்டார் சைக்கிள் ஒரு பக்கம் இழுத்தது. மடக்குங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

யானை வேலியைக் கடந்து, வாய்க்கால் கட்டின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம். வேளாண்மை வெட்டி முடிந்திருந்தது. தூரத்தில், வட்டையின் நடுவில், அந்த மருத மரம் தனியாக நின்றது. வட்டைக்காரர் அதனடியில் வருடா வருடம் பொங்கல் வைப்பதால் யாரும் அதில் கத்தி வைப்பதில்லை. நான் அதை நோக்கி நடந்துகொண்டே இருந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. வாய்க்கால் வளைகிற இடத்தில் அவர் நின்றிருந்தார்.

"இஞ்சதான் மனே."

மரம் அங்கிருந்து பெருவிரல் அளவுதான் தெரிந்தது.

"சோறு கொண்டு வந்தன். இந்த இடத்தில வரக்குள்ள அவன் மரத்துக்குக் கீழ நிண்டான். நான் வாறதக் கண்டு கையக் காட்டினான். அங்கால வரம்பால ஆக்கள் வந்தாங்க. ஆர் எண்டு எனக்குத் தெரியா. இப்பிடித்தான், வெட்டி முடிஞ்ச வட்டை. ஒளிய ஒரு புல்லும் இல்ல. எல்லாம் தெரிஞ்சிச்சி. கத்தினன், காத்து எனக்கு எதிரா அடிச்சிச்சி. ஓடினன். வட்டைக்க ஓடிப் பாத்திருக்கீங்களா மனே? எவ்வளவு ஓடினாலும் மரம் கிட்ட வராது. ஒருக்கா என்ட பக்கம் கிறுகிப் பாத்தான். நான் போய்ச் சேரக்குள்ள நிழல் மட்டும்தான் கிடந்திச்சி."

நான் கமராவை எடுத்துக் கண்ணில் வைத்தேன். கீழே நிலம், மேலே வானம், நடுவில் எங்கோ ஒரு மரம். வேண்டாதது எதுவும் இல்லை. நான் இத்தனை காலம் பெற்றோல் ஊற்றித் தேடிப் போனது இந்தக் காட்சியைத்தான். ஒன்றும் இல்லாத அந்த வெளியில், கண்டுகொண்டே எட்ட முடியாத தூரம் ஒன்று இருக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அன்றைக்கு அந்த வெளி எனக்குப் பிடிக்காமல் போனது. இன்னும் அந்த மனக்கசப்பு முழுதாகப் போகவில்லை.

"அம்மா, பெரிய லென்ஸ் கொண்டு வந்திரிக்கன். இஞ்ச நிண்டே மரத்தக் கிட்ட எடுக்க ஏலும். இல்லாட்டி இது மரம் எண்டே ஆக்களுக்குத் தெரியாது."

"வேணாம். கிட்ட எடுத்தா நான் கிட்ட நிண்ட மாதிரி ஆயிரும்."

அவர் நின்ற இடத்தில், அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து எடுத்தேன். வெயில் நான் சொன்னபடியே வானத்தை வெளுக்கப் பண்ணியது. மரத்தடி சட்டியின் அடிப்புறம் போலக் கறுத்துக் கிடந்தது. கமராவுக்குப் பின்னால் நின்று அழுதேன். என் தொழிலில் உள்ள இன்னொரு வசதி அது.

அடுத்த கிழமை படத்தை அடிப்பதற்காகக் கம்பியூட்டரில் திறந்தேன். வானத்தைக் கொஞ்சம் அடக்கி, மரத்தடி நிழலைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினேன். நிழலுக்குள்ளிருந்து ஒரு ஆள் வந்தான்.

அடிமரத்தில் சாய்ந்தபடி நின்றான். அரிசி மணியளவு ஆள். முகம் தெரியவில்லை, வெள்ளை பெனியன் தெரிந்தது. என் கை பழக்கத்தில் அழிக்கப் போய், பாதியில் நின்றது. இதை நானாகத் தீர்மானிக்கக் கூடாது என்று பட்டது. அந்த அம்மா வரும் வரைக்கும் வைத்திருந்தேன்.

வந்ததும் திரையில் காட்டினேன். முன்கூட்டியே ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனார். கொஞ்ச நேரம், மிகக் கொஞ்ச நேரம், அவர் முகத்தில் அத்தனை வருடங்களும் இல்லாமல் போயின. பிறகு திரும்பி வந்தன.

"இது அந்த மோட்டசைக்கிள் புள்ள" என்றார்.

எனக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. நாங்கள் வாய்க்கால் கட்டால் திரும்பி நடக்கும்போது, வயல் பார்க்க வந்த, வெள்ளை பெனியன் போட்ட ஒருவன் பின்னாலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தான். வெயிலுக்குள் நடக்கிறீர்களே அம்மா, ஏறுங்கள், வீட்டுக்குத்தான் போகிறேன், சோறு ஆறிவிடும் என்றான். எங்கள் வண்டி இருக்கிறது என்று அனுப்பிவிட்டோம்.

"அழிச்சிருங்க மனே. இது என்ட புள்ள இல்ல."

அவனைச் சுற்றி ஒரு கோடு கீறி அழுத்தினேன். அடிமரமும் வெட்டிய நெல்லின் தாளும் வந்து அந்த இடத்தை மூடின. ஒரு அடையாளமும் இல்லை. என் பெயருக்குப் பழுது வராத வேலை.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு லேசா?"

எனக்கு உடம்பு கூசியது. செய்ததை மீட்கிற பொத்தானைத் தட்டினேன். அவன் பழையபடி மரத்தடியில் நின்றான். வெள்ளை பெனியன், சாய்ந்த தோள், எல்லாம் அப்படியே.

அந்த அம்மாவின் கை என் தோளைப் பிடித்தது. நல்ல பலமான பிடி.

"இன்னொருக்காச் செய்ங்க."

அழிக்கவா என்று கேட்டேன்.

"இல்ல மனே. திரும்ப வாறத."

திரும்பி வருவதைக் காட்ட வேண்டுமென்றால் முதலில் அவனை அழிக்க வேண்டும். அழித்தேன். கொண்டு வந்தேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் செய்தேன். அழிகிற நேரத்தில் அவர் கண்ணை மூடிக்கொள்வார் என்று நினைத்தேன். மூடவில்லை. வாசலில் ஒரு பெண் அடையாள அட்டைப் படத்துக்காகக் காத்து நின்றாள். நான் அவளைக் கவனிக்கவில்லை. கடைசியில் அவராகவே என் தோளை விட்டார்.

"காணும், போதும். அவன் இரிக்கட்டும். நிண்ட மாதிரியே அடிச்சித் தாங்க."

சட்டம் போட்டுக் கொடுத்தேன். சில நாட்களுக்குப் பிறகு அந்தத் தறப்பாளைக் கடந்து போக நேர்ந்தபோது வண்டியை நிறுத்தினேன். முகங்களுக்கு நடுவில் அவர் மடியில் வயல்வெளி இருந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு இளம் பெண், கையில் போனோடு ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். இவரிடம் வந்ததும் கடந்து போகவில்லை. குனிந்து, கண்ணைச் சுருக்கி, வெகுநேரம் தேடி, மரத்தடியில் இருந்த ஆளைக் கண்டுபிடித்து விரலை வைத்தாள்.

"இவர்தானா அம்மா உங்கட மகன்?"

"இல்ல புள்ள" என்றார். "இது வேறொருத்தி பெத்த புள்ள. அண்டைக்குப் பகல் சோத்துக்கு வீட்ட போய்ச் சேந்திட்டான்."