மதியம் பூட்டாத கடை

எம். புதுப்பட்டியில் பைக் வைத்திருக்கிற எவனும் கற்பகம் அக்காவிடம் திட்டு வாங்காமல் தப்பியதில்லை. அவளுடைய ஸ்பேர்ஸ் கடையில், கழற்றிய பழைய சாமானை மேசைமேல் வைத்தால்தான் புதியது வெளியே வரும். நாம் வணக்கம் சொன்னால், "பழசைக் கொண்டா" என்பாள். இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து, தனக்குத் திருப்தியான பிறகுதான் கையில் தருவாள்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. காலையில் கடையைத் திறந்தால், பட்டாசுக் கம்பெனிகள் விடுகிற வரை ஷட்டரை இறக்க மாட்டாள். ஊரே மதியச் சோற்றுக்குப் போகும்போதும் அவள் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். அவள் கணவர் முத்துக்கருப்பன் கம்பெனி விபத்தில் இறந்து எட்டு வருஷம் ஆகிறது. அதற்குக் கிடைத்த நிவாரணப் பணத்தில் வைத்த கடை. "தனிக்கட்டைக்கு எதுக்கு இம்புட்டு ஆசை?" என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். பொய் சொல்வானேன், நானும் பேசியிருக்கிறேன்.

போன மாதம் என் வண்டியின் கிளட்ச் வயர் நைந்துபோனது. அக்காவிடம் விலை கேட்டேன். அவள் சொன்னதும் செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இதுல பாதி விலைதான்க்கா. வீட்டு வாசலுக்கே கொண்டாந்து குடுக்கான்."

"அப்ப அங்கனயே வாங்கு. மாட்டுறதுக்கு இங்கன வராதே."

"வரலை. மதியச் சோறுகூடத் திங்காம சேத்து வச்சு என்ன, போகும்போது கூடவா கொண்டு போகப்போறீக?"

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அவள் அடுத்த ஆளிடம் பழைய சாமானுக்குக் கையை நீட்டினாள். எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. வாய்க்கொழுப்பு, வேறென்ன!

வயர் வந்தது. நான் சிவகாசியில் காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் மாலை ஷிப்ட் பார்க்கிறவன். என் மனைவி பானுப்பிரியா காலையிலேயே பட்டாசுக் கம்பெனி வேனில் வேலைக்குப் போய்விட்டாள்; பிள்ளையும் பள்ளிக்கூடம் போயாயிற்று. சாவகாசமாக மதியம் வண்டியை வாசலில் நிறுத்திப் பழைய வயரை உருவினேன். பெரிய மெக்கானிக் மாதிரி அதை இரண்டாக வெட்டி, சாய்ந்து கிடந்த முருங்கைக் கொப்பை இழுத்துக் கட்டினேன். அப்புறம் புதியதை மாட்டினால், நாலு விரற்கடை எட்டவில்லை. மாடல், வருஷம் எல்லாம் சரியாகப் பார்த்துத்தான் வாங்கியிருந்தேன். எப்படி இழுத்தும் லீவருக்கு வரவில்லை.

அப்போதுதான் அந்த வெடிச்சத்தம் கேட்டது. வீட்டுக்குள் பாத்திரங்கள் கிடுகிடுத்தன. எழுந்து பார்த்தால் கிழக்கே வெள்ளைப் புகை ஏறிக்கொண்டிருந்தது. பானு வேலை பார்க்கிற கம்பெனி அந்தப் பக்கம்தான்.

எங்கள் ஊர்களில் இந்தச் சத்தத்துக்குப் பிறகு போன் போட்டுப் பயனில்லை. வேலைக்குப் போகிறவர்கள் செல்லை அணைத்துக் கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆள் உயிரோடு இருக்கிறாளா என்று நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். அது தெரிந்தும் மூன்று முறை கூப்பிட்டேன்.

ரோட்டில் பைக்குகள் பறந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று பேர். கையைக் காட்டினேன், எவரும் நிற்கவில்லை. அவர்கள் வீட்டிலிருந்தும் அங்கே வேலைக்கு ஆள் போயிருக்கிறார்களே! வண்டியைத் தள்ளிக்கொண்டு அக்கா கடைக்கு ஓடினேன். எந்த முகத்தோடு போய் நிற்பது என்று ஒரு நிமிஷம் கால் தயங்கியது. முகம் பார்க்கிற நேரமா அது, கூறுகெட்டவனே!

மணி ஒன்றேகால். கடை திறந்திருந்தது. ரோட்டோரம் சாக்கை விரித்து ஸ்பேனர், பிளேயர், வயர்கள், காற்றடிக்கிற பம்பு எல்லாவற்றையும் பரப்பிவைத்துவிட்டு அக்கா தயாராக நின்றாள்.

"கிளட்ச் வயர்க்கா. ஆன்லைன்ல வாங்குனது எட்டலை. பழசை வெட்டிட்டேன். பானு அங்கன இருக்காக்கா."

"ஏலே, ரெண்டு வருசத்துக்கு முந்தி முதுகுவலின்னு ஹேண்டிலை உசத்தி மாட்டுனியே, நான்தானேலே மாட்டிவிட்டேன்! வண்டிக் கம்பெனி அளவு எப்படி எட்டும்?"

சொல்லிக்கொண்டே நீளமான வயர் ஒன்றை உருவினாள். நானே மறந்துபோன விஷயம் அது. எட்டாத வயரைக் கழற்றி எறிந்துவிட்டு அதை மாட்டினாள். எனக்கு ஒவ்வொரு நொடியும் நெருப்பாகச் சுட்டது.

"போதும்க்கா, விடுங்க. நான் போறேன்."

"நில்லுலே! லீவரை மூணு தடவை பிடிச்சு விடு. பாதி வழியில நின்னுட்டா என்ன செய்வே?"

பிடித்து விட்டேன். அந்த நேரம் பார்த்து ஓர் ஆம்புலன்ஸ் எங்களைத் தாண்டிக் கிழக்கே போனது. நான் அழுதுவிட்டேன். அக்கா என் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"அழுகாதே. பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு நீயாவது முழுசா இருக்கணும். பாத்துப் போ."

கம்பெனி வாசலில் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. பானு, பானு என்று கத்திக்கொண்டே கயிற்றோரமாக ஓடினேன். வேப்பமரத்தடியில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் சாம்பலும் அலுமினியப் பவுடருமாக ஒரே நிறத்தில் இருந்தார்கள். யார் எவர் என்று தெரியவில்லை. அதில் ஒருத்தி, "என்னங்க, இங்கன இருக்கேன்" என்றாள்.

இரண்டு கையாலும் அவளைப் பிடித்துக்கொண்டேன். வெடித்த அறைக்கு நாலாவது அறை அவளுடையது. கூட வேலை பார்த்தவளைப் பற்றி, "பஞ்சம்மாக்காவை ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாக" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

போலீஸ் விசாரித்து அனுப்பி, நாங்கள் திரும்பும்போது மணி ஐந்தரை. அக்கா இன்னும் கடை வாசலில் நின்றாள். சாக்கும் சாமான்களும் அப்படியே கிடந்தன. பானுவைப் பார்த்ததும் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். பக்கத்தில் அவளுடைய சோற்றுத் தூக்குவாளி திறக்காமல் இருந்தது.

"மன்னிச்சிருங்கக்கா. அன்னைக்குச் சோத்தைச் சொல்லிக் கேவலப்படுத்திட்டேன்."

"விடுலே," என்றாள். பானுவுக்குத் தண்ணீர்ச் செம்பை நீட்டிவிட்டு அவளே பேசினாள். "அவரு போன அன்னைக்கும் மதியம்தான் சத்தம். தம்பி பைக்ல போனேன். பாதி வழியில கிளட்ச் வயர் அத்துப்போச்சு. அந்த ரோட்டுல மூணு கடை. மூணும் சோத்துக்குப் பூட்டியிருந்துச்சு."

பானு அவள் கையைப் பிடித்தாள்.

"நடந்து ஓடிப் போய்ச் சேர்றதுக்குள்ள அவரை மதுரை ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிட்டாக. வண்டியில ஏத்துற வரைக்கும், கற்பகம் வந்துட்டாளா, கற்பகம் வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தாராம்."

வேறு கம்பெனிகளின் வேன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. அக்கா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வேன் தாண்டிப் போன பிறகுதான் எழுந்து ஷட்டரை இறக்கினாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து, மதியச் சோற்றைத் திறந்தாள்.